லினக்ஸில் வீடியோ எடிட்டிங்: மென்பொருளுக்கு முன் உங்கள் கோப்பைப் பாருங்கள்

லினக்ஸில் எந்த வீடியோ எடிட்டர் நல்லது என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது, வீடியோவை எதில் எடுத்தீர்கள் என்பதைத்தான். கேமரா கோப்பில் ஒழுங்காக ஓடும் அதே மென்பொருளில் போனில் எடுத்ததைப் போட்டால், பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். பழி மென்பொருள் மேல் விழும். அதை நீக்கிவிட்டு இன்னொன்றை நிறுவுவார்கள். அதிலும் அதே கதைதான்.

காரணம், போன்கள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் (ஃபிரேம் என்பது வீடியோவின் ஒவ்வொரு நிலைப்படம்) பதிவு செய்கின்றன. நொடிக்கு 30 ஃபிரேம் என்று அமைத்திருந்தாலும், வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். எடிட்டரோ ஒவ்வொரு நொடியிலும் ஒரே எண்ணிக்கை இருப்பதாகக் கணக்குப் போடும். போனின் திரைப் பதிவுகளிலும் இதே சிக்கல் உண்டு. மீடியாஇன்ஃபோ என்ற சிறு கருவியில் கோப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். ‘வேரியபிள்’ (மாறுவது) என்றிருந்தால் அதை அப்படியே டைம்லைனில் (கிளிப்புகளை அடுக்கும் பட்டை) போட வேண்டாம். ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய எடிட்டர்கள் இத்தகைய கோப்பைச் சேர்க்கும்போதே மாற்றித் தரவா என்று கேட்கும். அந்தப் பெட்டியை மூடிவிடாமல் சம்மதியுங்கள். மொத்தமாக மாற்ற ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி வசதி: வீடியோ பகுதியில் 30, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’, தர அளவு 18. மாற்றிய கோப்பு மூலத்தைவிடப் பெரிதாகலாம், வட்டில் இடம் விட்டுவையுங்கள். ப்ராஜெக்டையும் அதே 30-இல் தொடங்க வேண்டும். 25-இல் தொடங்கினால் நொடிக்கு ஐந்து ஃபிரேம் உதிர்ந்து, கேமராவைத் திருப்பிய இடங்களில் படம் திக்கும்.

முன்னும் பின்னும் வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் எடிட்டரே தேவையில்லை. லாஸ்லெஸ்கட் என்ற கருவி மறு-என்கோடிங் (வீடியோவை மீண்டும் சுருக்கி எழுதுவது) செய்யாமல் வெட்டும். ஒரு மணி நேரக் கோப்பும் பெரும்பாலும் சில நொடிகளில் முடியும். வெட்டு அருகிலுள்ள கீஃபிரேமில்தான் (இடையிடையே முழுமையாகச் சேமிக்கப்படும் ஃபிரேம்) விழும், அதனால் தொடக்கம் சற்று முன்பின் ஆகலாம்.

அதற்கு மேல் வேலை இருந்தால் என் தேர்வு கேடென்லைவ். 2002-இல் தொடங்கிய கட்டற்ற (மூலநிரல் திறந்த) மென்பொருள். இன்று கேடிஈ குழுவின் கீழ் வளர்கிறது. ஷாட்கட்டும் இதுவும் எம்எல்டி என்ற ஒரே வீடியோ அடித்தள நிரலின் மேல் நிற்பவை. ஆகவே இறுதிக் கோப்பின் தரத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. பல டிராக், நீண்ட நேர்காணல், நிறைய எழுத்து என்றால் கேடென்லைவ். ஐந்து நிமிட வீடியோவுக்கு ஷாட்கட். ஓப்பன்ஷாட் என்ற எடிட்டர் பார்க்க எளிது, பள்ளி மாணவருக்குக் கொடுக்கலாம். டைம்லைன் நீண்டால் தள்ளாடும்.

கேடென்லைவில் எஃபெக்ட் வேலையைச் செய்வது பெரும்பாலும் சிபியு. இது தெரியாமல் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டு ஏமாந்தவர்கள் பலர். கார்டு உதவுவது முக்கியமாகக் கடைசி என்கோடிங்கில்தான்; அங்கும் அதே கோப்பு அளவுக்குத் தரம் சற்றுக் குறையும். பழைய மடிக்கணினிக்கு உண்மையான மருந்து ப்ராக்ஸி: எடிட் செய்யச் சிறிய நகல், இறுதியில் மூலம். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் அதை இயக்கினால் போதும். வெளிவந்த வீடியோ மங்கலாக இருந்தால், ரெண்டர் சாளரத்தில் ப்ராக்ஸி கிளிப்பையே பயன்படுத்து என்ற குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த நகல்கள் வழக்கமாக வட்டின் ஹோம் பார்டிஷனில் உள்ள கேஷ் கோப்புறையில் சேரும். பார்டிஷன் சிறிதென்றால் நடுவழியில் வட்டு நிரம்பிவிடும்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டர் கேடென்லைவுக்கு நேர் எதிர். அது கிராபிக்ஸ் கார்டை நம்பியே ஓடும். வண்ணத் திருத்தத்தில் அதற்கு ஈடில்லை. விலை இல்லை என்றாலும் கட்டற்ற மென்பொருள் அல்ல. பதிவிறக்கிய பிறகே பலருக்குத் தெரியவரும் செய்தி: லினக்ஸுக்கான அதன் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் உள்ள வீடியோவைத் திறக்காது. போனில் எடுத்தவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற எடிட்டிங் வடிவப் படமும் பிசிஎம் என்ற சுருக்காத ஒலியுமாக மாற்றிய பிறகே உள்ளே வரும், அப்போது கோப்பு பல மடங்கு பெருக்கும். கல்யாண வீடியோ முழுவதையும் அப்படி மாற்ற வட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படம் வராமல் ஒலி மட்டும் கேட்கிறதா? ஃபெடோரா லினக்ஸில் காப்புரிமைச் சிக்கலால் எச்.264-க்கான முழு கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்) முன்னிருப்பாக இருப்பதில்லை. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து, முழுமையான எஃப்எஃப்எம்பெக் என்ற கோடெக் தொகுப்பை நிறுவ வேண்டும். ஓப்பன்சூசே லினக்ஸில் அதே வேலையைச் செய்வது பேக்மேன் களஞ்சியம். மென்பொருளின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து எடுத்த ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) என்றால் கோடெக்கும் கூடவே வந்துவிடும்.

தமிழ் எழுத்தைச் சோதிக்காமல் எந்த எடிட்டரையும் ஏற்காதீர்கள். டைட்டிலில் கொ, கௌ, ஸ்ரீ மூன்றையும் தட்டுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த எடிட்டருக்குத் தமிழ் எழுத்துக் கோர்ப்பு தெரியாது என்று பொருள். கேடென்லைவின் டைட்டில் கிளிப்பில், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துரு இருந்தால், சரியாக வரும். பாமினி வகைப் பழைய (யூனிகோடு அல்லாத) எழுத்துரு வேண்டாம்: திரையில் தமிழாகத் தெரிந்தாலும், வசனத்தைச் சப்டைட்டில் கோப்பாக எடுத்தால் ஆங்கிலக் குப்பைதான் வரும். கேடென்லைவ் விஸ்பர் என்ற பேச்சறியும் மென்பொருள் வழியாகப் பேச்சைத் தானே எழுத்தாக்கும், தமிழும் அதில் உண்டு. ஆனால் வட்டார வழக்கிலும் ஊர்ப்பெயரிலும் தடுமாறும், வரிக்கு வரி திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

வெளியீட்டுக்கு யூடியூப் பரிந்துரைக்கும் அளவு: 1080பி, 30 ஃபிரேமுக்கு நொடிக்கு 8 மெகாபிட், 60 ஃபிரேமுக்கு 12. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ்.

வேலை நடுவில் இருக்கும்போது எடிட்டரைப் புதுப்பிக்காதீர்கள். கேடென்லைவ் 20.08-இலும் 23.04-இலும் ப்ராஜெக்ட் கோப்பின் அமைப்பு மாறியது. புதியதில் சேமித்ததைப் பழையதில் திறக்க முடியாது. டெபியன் லினக்ஸ் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினால் அவரிடம் பழைய பதிப்பே இருக்கக்கூடும். இருவரும் ஒரே ஆப்இமேஜைப் பயன்படுத்துங்கள். ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பினால் அதில் கிளிப்புகளின் முகவரிதான் இருக்கும், படம் இருக்காது. ‘ஆர்க்கைவ் ப்ராஜெக்ட்’ கொடுத்து எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் திரட்டி அனுப்புங்கள்.