மூடிக்கணக்கில் ஆசிட் ஊற்றுகிறவர்களுக்கு

போன மழைக்காலத்தில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு மாமா ரப்பர் ஷீட் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் ஆய்வகத்துக்கு வந்தார். தட்டில் கல்லு மாதிரி உறையுது, ரோலரில் விட்டால் போக மாட்டேங்குது, புகைக்கூட்டில் எத்தனை நாள் கிடந்தும் காயல, ரப்பர் பாலில்தான் ஏதோ கோளாறு, பார்த்துச் சொல்லு என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் ஷீட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். வலது கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன.

"பால் உறைய ஆசிட் எவ்வளவு விடுவீங்க மாமா?"

"பாட்டில் மூடியில் ஒரு மூடி. இருபது வருஷமா ஒரு மூடியாக்கும் மக்ளே."

"ஆசிட்டை மாத்தினீங்களா?"

"அதே ஆசிட்டுதான். கடைதான் மாறிச்சு."

மறுநாள் பழைய கடைப் பாட்டிலின் அடியில் மிஞ்சியிருந்ததையும், புது ஆசிட்டில் கொஞ்சத்தையும் கொண்டுவரச் சொன்னேன். இரண்டுமே பார்மிக் ஆசிட், இரண்டுமே தண்ணீர் நிறம், மூக்கைத் துளைக்கும் அதே நெடி. காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைசல் இளஞ்சிவப்பாகும் இடத்தில் நிறுத்திக் கணக்குப் பார்த்தால் பழையது 41 சதவீதம், புதியது 85. பழைய கடையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விற்றிருக்கிறார்கள், இவரும் அதற்கு ஏற்றபடி தன் மூடியைப் பழக்கிவிட்டார். இப்போது அவர் கணக்கில் ஒரு மூடி, பாலின் கணக்கில் இரண்டு மூடிக்கும் மேல். போதாததற்குத் தண்ணீரில் கலக்காமல் நேரே பாலில் ஊற்றியிருக்கிறார். விழுந்த இடம் உடனே கட்டிதட்டிவிடும், மற்ற இடத்துக்கு ஆசிட் போய்ச் சேராது.

பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று, அதாவது டி.ஆர்.சி. பார்ப்பதும், ஷீட்டில் கோளாறு என்றால் காரணம் தேடுவதும்தான் என் வேலை. வருகிற கோளாறுகளில் பெரும்பாதி மரத்திலும் இல்லை, மழையிலும் இல்லை. அளவில் இருக்கிறது.

கேனில் 85% என்று போட்டிருப்பது விலை மாதிரி சும்மா ஒரு எண் இல்லை. அந்தக் கேனில் 100 கிராம் எடுத்தால் 85 கிராம்தான் பார்மிக் ஆசிட், மீதி கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர் என்று அர்த்தம். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு என்றால், உங்கள் தோலுக்கும் பாலுக்கும் அது வேறு பொருள்தான். எடையும் கனஅளவும் ஒன்று என்று நினைப்பது இன்னொரு குழப்பம். 35 கிலோ கேன் வாங்கி, லிட்டர் ஜாடியால் அளந்து பார்த்துவிட்டு, ஆறு லிட்டர் குறைகிறது, ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். ஒருத்தரும் ஏமாற்றவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆனால் ஒரு லிட்டர் 85% பார்மிக் ஆசிட் ஏறக்குறைய 1.2 கிலோ. 35-ஐ 1.2-ஆல் வகுத்தால் 29 லிட்டர் சொச்சம்தான் வரும். (நாழியும் துலாமும் புழங்கிய ஊர் நம்முடையது. 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அடுத்த மாதமே மெட்ரிக் அளவைக்கான சட்டமும் வந்தது. மூடி மட்டும் இன்னும் போகவில்லை.)

சரி, அந்த ஆசிட் பாலில் என்னதான் செய்கிறது? ரப்பர் பால் ஒரு கலவை. பாதிக்கு மேல் தண்ணீர், அதில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் மிதக்கின்றன. ரப்பர் என்பது கார்பன், ஹைட்ரஜன் என்ற இரண்டே தனிமங்களின் அணுக்கள் நீளமாகக் கோத்த சங்கிலி. ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் சேர்ந்தது ஒரு கண்ணி, அந்தக் கண்ணி ஆயிரக்கணக்கில் தொடரும். துகள்களின் மேல் புரதப் போர்வையும், எல்லாத் துகளிலும் ஒரே மாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்சுமையும் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் மிதக்கின்றன. ஆசிட் கொடுக்கும் ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையைத் தீர்த்துவிட்டால் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை, எல்லாம் ஒட்டி உறைந்துவிடும். அம்மோனியா விட்டால் பால் உறையாமல் நிற்பது இதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஆக இங்கே வேலை செய்வது மூடி இல்லை, எண்ணிக்கை. 46 கிராம் பார்மிக் ஆசிட்டில் எத்தனை மூலக்கூறு இருக்கிறதோ, அத்தனை மூலக்கூறுக்கு அசிட்டிக் ஆசிட் 60 கிராம் வேண்டும், அதுவும் பார்மிக்கை விட வீரியம் குறைந்தது. "அது கிடைக்கல, இதை ஊத்தினேன், அதே அளவுதான்" என்று சொல்வது அதனால்தான் எடுபடாது. விலை குறைவென்று பேட்டரி ஆசிட் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது சல்பூரிக் ஆசிட், ஷீட்டில் மிச்சம் தங்கினால் ரப்பரையும் கெடுக்கும், ரோலர் இரும்பையும் தின்னும். அதை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன்.

மாமரத்தில் இலையை மடித்துக் கூடு கட்டும் முசுறு கடித்தால் சுரீர் என்று எரியுமே, அது பீய்ச்சுவதும் இந்தப் பார்மிக் ஆசிட்தான். 1671-ல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்துத்தான் இதைப் பிரித்தெடுத்தார். ஒரு எறும்பின் துளியே அப்படி என்றால் 85% கேனைத் திறந்து மூடியில் சாய்த்து ஊற்றும் விரல் என்ன ஆகும்?

கணக்கு எளிது. 85% ஆசிட் 10 மில்லி எடுத்தால் அதில் சுத்த ஆசிட் ஏறக்குறைய 10 கிராம். அதைத் தண்ணீரில் விட்டு மொத்தம் ஒரு லிட்டராக்கினால் 1% கரைசல். முதலில் தண்ணீர், அப்புறம் ஆசிட், இந்த வரிசை மாறக்கூடாது. ஒரு தட்டுக்கு எவ்வளவு கரைசல் என்பது உங்கள் பாலின் டி.ஆர்.சி.யைப் பொறுத்தது, அதை ரப்பர் வாரியத்தின் களப்பணியாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறைந்தபின் தட்டில் ஊறி நிற்கும் தண்ணீர் தெளிவாக இருந்தால் சரி, பால் நிறமாக இருந்தால் ஆசிட் பற்றவில்லை.

டி.ஆர்.சி. என்றதும் "குறைச்சுப் போட்டுட்டாங்க" என்ற புலம்பல் வரும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 10.00 கிராம் பாலை நிறுத்து, உறைய வைத்து, கழுவி, மெல்லிசாக அழுத்தி, 70 டிகிரி அடுப்பில் ராத்திரி முழுக்க உலர்த்தி மறுபடி நிறுத்தால் 3.42 கிராம் என்று வைத்துக்கொள்வோம், டி.ஆர்.சி. 34.2. உங்களுக்கு 38, பக்கத்துத் தோட்டத்துக்கு 29 என்றால், 100 கிலோ பாலில் ஒன்பது கிலோ ரப்பர் வித்தியாசம். பால் வடியும் சிரட்டையில் மழைத் தண்ணீர் விழுந்தாலே எண் இறங்கும். இன்னொன்று, இலைக்கு அடிக்கும் செம்பு மருந்தைக் கலக்கிய வாளியில் பால் எடுக்காதீர்கள். ஒரு கிலோ ரப்பரில் சில மில்லிகிராம் செம்பு கலந்தாலே போதும், ஷீட் நாளடைவில் பிசுபிசுத்துப்போகும்.

ஆசிட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் வைக்கிற பழக்கம்தான் எனக்குப் பெரிய பயம். பனிக்காலத்தில் விடியற்காலை பால்வெட்டு முடிந்து தாகத்தோடு வருகிறவருக்கு இரண்டும் ஒரே நிறம். தோலிலோ கண்ணிலோ பட்டால் அந்த நிமிடமே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், சோடா மாவு, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், கேனின் லேபிளையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாமாவுக்கு 10 மில்லி பிளாஸ்டிக் அளவு ஜாடி ஒன்று கொடுத்து, கோட்டை மேலே இருந்து பார்க்கக்கூடாது, கண்மட்டத்தில் வைத்து ஆசிட் மேல்பரப்பு வளைவின் அடியைப் பார்க்கணும், கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் செய்யணும் என்று அனுப்பினேன். அடுத்த வாரம் போன் செய்தார். ஷீட் நன்றாக வருகிறதாம், குனிந்தால் முதுகு பிடிக்கிறது என்று ஜாடியைத் திண்ணையில் வைத்து, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து அளக்கிறாராம்.

"கண்ணாடி போட்டீங்களா மாமா?"

"பின்ன போடாம? அது இல்லன்னா கோடு தெரியாதே மக்ளே."

நான் சொன்னது வேறு கண்ணாடி.