சிவப்புக்குள் ஒளிந்திருக்கும் புழு

தயிர் டப்பாவில் 'ஈ 120' என்று அச்சிட்டிருக்கிறதே, அது பூச்சியிலிருந்து எடுத்த நிறமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆம். கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியில் உள்ள கார்மினிக் அமிலம்தான் அந்தச் சிவப்பு. ஆனால் கொச்சினீல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அராரத் மலையடிவாரச் சமவெளியில் ஆர்மேனியர்கள் இதே அமிலத்தை இன்னொரு பூச்சியிலிருந்து எடுத்துவந்தார்கள். அதன் பெயர் 'வொர்தன் கர்மிர்'. பூச்சியைவிட அந்தப் பெயர் எனக்கு அதிகம் பிடிக்கும்.

முதலில் பூச்சி. உவர்ச் சதுப்பு நிலத்தில் வளரும் நாணல், புல் ஆகியவற்றின் வேரில் ஒட்டிக்கொண்டு சாறுறிஞ்சி வளரும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விடியற்காலையில் பெண் பூச்சிகள் மண்ணைத் தோண்டிக்கொண்டு மேலே வரும். இறக்கை கிடையாது, உடல் முழுவதும் கருஞ்சிவப்பு. வளர்ந்த பூச்சிக்கு வாயே இல்லை; இணை சேர்வதும் முட்டையிடுவதும் மட்டுமே மிச்சமிருக்கும் வேலை. சாயத்துக்காக அவற்றைப் பொறுக்கியெடுப்பதும் அந்தச் சமயத்தில்தான். நாணல் வேர்ப் புழுவிலிருந்து சிவப்பு எடுப்பதை 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் காசார் பார்பெத்சி குறிப்பிட்டிருக்கிறார்.

இனி பெயர். 'வொர்தன்' என்றால் 'புழுவின்'. 'கர்மிர்' என்றால் 'சிவப்பு'. தமிழில் சொல்வது போலவே உடைமைச் சொல் முன்னால், பெயர்ச்சொல் பின்னால். இதில் விந்தை என்னவென்றால், இன்றைய ஆர்மேனிய மொழியில் புழு 'வொர்த்', புழுவின் 'வொர்தி'. 'வொர்தன்' என்ற வடிவம் இந்தப் பெயருக்கு வெளியே வழக்கொழிந்துவிட்டது. அது செவ்வியல் ஆர்மேனியத்தின் ஆறாம் வேற்றுமை. அந்நாளில் புழுவுக்கு எழுவாய் வடிவம் 'ஒர்த்ன்'. மெய்யெழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் சொல். ஆறாம் வேற்றுமையில் நடுவே ஓர் அகரம் முளைத்து 'ஒர்தன்' (இன்றைய உச்சரிப்பில் 'வொர்தன்') ஆகிறது.

உண்மையில் அந்த அகரம் முளைக்கவில்லை, தப்பிப் பிழைத்தது. எழுத்து தோன்றுவதற்கு முன்பிருந்த ஆர்மேனியத்தில் அழுத்தம் எப்போதும் சொல்லின் கடைசிக்கு முந்தைய அசையில் விழுந்தது. அழுத்தம் கிடைக்காத கடைசி அசையின் உயிரொலி காலப்போக்கில் தேய்ந்து காணாமல் போனது. எழுவாய் வடிவத்தில் சொல்லின் விகுதியே கடைசி அசை. ஆகவே அதன் உயிர் போய் வெறும் 'ன்' மிஞ்சியது. ஆறாம் வேற்றுமையிலோ விகுதிக்குப் பின்னால் 'ஒஸ்' போன்ற ஓர் உருபு இருந்தது. உதிர்ந்தது அந்த உருபு. சுவரோரம் நின்றவன் மேல் மழை படாதது போல, விகுதியின் அகரம் அதன் மறைவில் நனையாமல் நின்றது. வேற்றுமையைக் காட்டவென்றே வந்த உருபு அழிந்துபோக, அதற்கு முன்னால் தற்செயலாக நின்ற 'அன்' அந்த வேலையை ஏற்றுக்கொண்டது! ஒலி மாற்றம் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நடக்கிறது. மிஞ்சியதை வைத்துப் பேசுபவர்கள் புது இலக்கணம் கட்டிக்கொள்கிறார்கள். இது கற்பனையில்லை என்பதற்கு மீன் சாட்சி: பழைய 'ஜுக்ன்' இன்று 'ஜுக்' ஆகிவிட்டது, ஆனால் 'மீனின்' என்பதற்கு இன்றும் 'ஜ்கன்' என்கிறார்கள்.

'கர்மிர்' வேறு வழியாக வந்தது. அது ஈரானிய மொழிகளிடமிருந்து பெற்ற கடன். மத்திய ஆசியாவின் பழைய ஈரானிய மொழியான சோக்தியனிலும் சிவப்புக்கு இதே சொல்தான். அதன் வேர் புழுவைக் குறிக்கும் 'க்ருமி'. பாரசீகத்தின் 'கெர்ம்', அரபியின் 'கிர்மிஸ்', அதன் வழியே ஐரோப்பா சென்ற 'கிரிம்சன்', 'கார்மைன்' எல்லாம் இந்தக் குடும்பம். சமஸ்கிருதம் வழியே தமிழுக்கு வந்த 'கிருமி'யும் அதே வேர். ஆக, பெயரின் இரண்டு பாதியிலும் புழு இருக்கிறது. பேசுபவர் காதில் 'கர்மிர்' வெறும் சிவப்புதான்.

ஈரானியக் கடன்சொற்கள் இப்படி ஏராளமாக இருந்ததால் ஆர்மேனியத்தையே ஈரானியக் கிளை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1875இல் ஜெர்மானிய மொழியியலாளர் ஹைன்ரிஹ் ஹூப்ஷ்மன் கடன் அடுக்கைத் தனியே பிரித்து, அடியில் இருப்பது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் தனிக்கிளை என்று நிறுவினார். சொற்களின் சாயலை மட்டும் பார்த்திருந்தால் இது முடிந்திருக்காது. 'கிருமி', 'கர்மிர்' இரண்டையும் பக்கத்தில் வைத்து 'ஆர்மேனியம் தமிழிலிருந்து பிறந்தது' என்று யாரேனும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். எந்த ஒலி எந்தச் சூழலில் எதுவாக மாறியது என்ற விதியைக் காட்டாத ஒப்பீடு ஜோசியத்துக்குச் சமம். அது தமிழுக்குப் பெருமையும் இல்லை.

ஹூப்ஷ்மனின் மாணவர் ஹ்ராச்யா அச்சார்யன் ஆர்மேனிய வேர்ச்சொற்களையெல்லாம் திரட்டி, 1926 முதல் 1935 வரை ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் அகராதியாக வெளியிட்டார். ஒரு சிறிய நாடு, வறுமையான காலம். அப்போதும் அந்த வேலைக்குக் காகிதமும் மையும் ஒதுக்கினார்கள். சொற்பிறப்பியல் ஆய்வுக்குப் பணம் கேட்டால் 'இதனால் என்ன பயன்' என்று கேட்கும் குழுக்களிடம் நான் காட்ட விரும்புவது அந்த அகராதியைத்தான்.