சித்திரையில் கொம்பு, மூலத்தில் வால்

“இங்கிலீஷ் படத்து டிராகன் நெருப்பைக் கக்குகிறது. சீனாவின் டிராகன் மட்டும் ஏன் மழைச்சாமி ஆனது?” என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். புராணக் கேள்வி போலத் தெரிந்தாலும் பதிலில் பாதி வானியல்தான். அதுவும் பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்குச் சட்டென்று பிடிபடுகிற வானியல்.

முதலில் சாமிகளைப் பார்த்துவிடுவோம். சீனாவின் பழைய மதமான தாவோ நம்பிக்கையில் டிராகன்கள் தண்ணீர்த் துறையின் அதிகாரிகள். நான்கு கடல்களுக்கு நான்கு டிராகன் அரசர்கள். கிழக்குக் கடலை ஆள்பவர் அவ் குவாங். ஆறு, ஏரி, ஊர்க்கிணறு என்று கீழ்நிலைப் பதவிகளும் உண்டு. யாரும் இஷ்டத்துக்கு மழை பெய்விக்க முடியாது, மேலே இருக்கும் மரகதப் பேரரசரிடமிருந்து உத்தரவு வரவேண்டும். ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற 16ஆம் நூற்றாண்டு நாவலில் ஜிங் ஆற்று டிராகன் அரசருக்கு வரும் உத்தரவு: மூன்று அடி மூன்று அங்குலம், கூடவே 48 துளி. ஒரு ஜோசியக்காரரைப் பந்தயத்தில் தோற்கடிப்பதற்காக அவர் மழையைத் தாமதப்படுத்தி, மூன்று அங்குலமும் எட்டுத் துளியும் குறைத்துவிடுகிறார். தலை போய்விடுகிறது.

வறட்சி வந்தால் தாவோ குருக்கள் மேலிடத்துக்கு மனு எழுதி, அதைத் தீயிலிட்டு அனுப்புவார்கள். அப்படியும் பெய்யவில்லையா? சில ஊர்களில் டிராகன் அரசரின் சிலையைக் கோயிலிலிருந்து தூக்கி வந்து கொளுத்தும் வெயிலில் வைத்துவிடுவார்கள். நாங்கள் படும் பாட்டை நீங்களும் கொஞ்சம் படுங்கள் என்று!

இந்த அரசப் பட்டங்கள் அவ்வளவு பழையவை இல்லை. 751இல் தாங் பேரரசர் ஷுவான்ட்சுங் நான்கு கடல் தெய்வங்களுக்கு அரசர் பட்டம் கொடுத்தார். 1108இல் சுங் பேரரசர் ஹுய்ட்சுங் ஐந்து டிராகன்களை அரசர்கள் ஆக்கினார். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன, நீர்நிலைகளைக் காக்கும் நாகராஜாக்களும் இந்த உருவத்தில் கலந்திருக்கிறார்கள். ஆனால் டிராகனுக்கும் மழைக்குமான உறவு இதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட ‘ட்சுவோ’ வரலாற்று உரையில் சடங்குகளுக்கான காலம் பற்றி ஒரு வரி வருகிறது: டிராகன் தென்பட்டதும் மழைச் சடங்கைச் செய்ய வேண்டும்.

எங்கே தென்பட்டதும்? வானத்தில்.

நாம் நிலவின் பாதையை 27 நட்சத்திரங்களாகப் பிரித்ததுபோல், சீனர்கள் 28 ஆகப் பிரித்தார்கள். அவற்றில் கிழக்குத் திசைக்கு உரிய ஏழும் சேர்ந்து நீல டிராகன். அதன் உடம்பை நம் பெயர்களாலேயே தடவிப் பார்க்கலாம். சித்திரையும் அதற்கு வடக்கே உள்ள ஒரு மங்கலான நட்சத்திரமும் இரண்டு கொம்புகள். விசாகத்தின் பக்கம் மார்பு. அனுஷம் வயிறு. சிவப்பாக மின்னும் கேட்டை இதயம். மூலம் சுருண்ட வால். விருச்சிக ராசியை ஒருமுறையாவது நிஜமாகப் பார்த்தவர்களுக்கு அந்த வளைந்த வால் மறக்காது. நாம் தேளின் கொடுக்கு என்கிறோம், அவர்கள் டிராகனின் வால் என்கிறார்கள்.

1978இல் ஹூபெய் மாகாணத்தில் ட்செங் நாட்டு அரசர் யீயின் கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 433ஐ ஒட்டிய கல்லறை. அங்கே கிடைத்த அரக்குப் பெட்டி ஒன்றின் மூடியில் 28 நட்சத்திரங்களின் பெயர்களும் வட்டமாக எழுதப்பட்டு, ஒரு பக்கம் டிராகனும் மறுபக்கம் புலியும் வரையப்பட்டிருந்தன. 1987இல் ஹெனான் மாகாணத்தின் புயாங்கில் இன்னும் பழையது ஒன்று கிடைத்தது. 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி அது. சடலத்தின் கிழக்கே சிப்பிகளால் ஆன டிராகன், மேற்கே புலி. அதுவும் நட்சத்திர டிராகன்தான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனாலும் திசை ஒத்துப்போவது கொஞ்சம் சிலிர்க்கத்தான் வைக்கிறது.

சரி, நட்சத்திரக் கூட்டம் ஒன்று ‘தென்படுவது’ எப்படி? எல்லா நாளும் அது வானத்தில்தானே இருக்கிறது? எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பூமி தன்னைத்தானே சுற்ற 24 மணி நேரம் என்று பள்ளியில் படித்திருப்போம். நட்சத்திரங்களை வைத்து அளந்தால் 23 மணி 56 நிமிடம்தான். பூமி சூரியனையும் சுற்றி வருவதால்தான் இந்த நான்கு நிமிட வித்தியாசம். கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றும்போது, நடுவில் நிற்கும் சூரியனையே பார்த்தபடி நடந்து பாருங்கள். சூரியன் அதே இடத்தில்தான் நிற்கிறார், அவருக்குப் பின்னால் தெரியும் சுவர் மட்டும் மாறிக்கொண்டே போகும். பூமியும் அப்படித்தான் நடக்கிறது. இன்று சூரியனுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நட்சத்திரம், ஆறு மாதம் கழித்து நம் முதுகுப் பக்கம், அதாவது நள்ளிரவு வானத்தில் இருக்கும்.

நாளுக்கு நான்கு நிமிடம் என்றால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஒவ்வொரு நட்சத்திரமும் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக உதிக்கிறது. முதலில் விடிகாலையில் மட்டும் தெரியும். பிறகு நள்ளிரவில் உதிக்கும். ஒருநாள், சூரியன் மேற்கே இறங்கும் அதே வேளையில் கிழக்கே எழும். அப்புறம் மேற்கே சரிந்து சரிந்து, அந்தி வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

இனி சுமார் கி.பி. 100இல் ஷு ஷென் தொகுத்த சீன அகராதிக்குப் போகலாம். டிராகன் என்ற சொல்லுக்கு அவர் தரும் விளக்கத்தில், அது வசந்தத்தின் சமபகல் நாளில் (பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்) வானேறும், இலையுதிர் காலச் சமபகல் நாளில் ஆழ்நீரில் மூழ்கும் என்கிறார். கதை மாதிரி இருக்கிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் காலத்தில் மார்ச் சமபகல் நாளையொட்டிச் சித்திரை நட்சத்திரம் சூரியனுக்கு நேரெதிரே இருந்தது. பொழுது சாய்ந்ததும் கிழக்கு அடிவானத்தில் கொம்பு. அதன் பிறகு சுமார் இரண்டு மாதம் கழித்துத்தான் இதயம் அந்தியில் மேலே வரும், வால் இன்னும் தாமதம். மாலை மாலையாக, உடம்பு அங்குலம் அங்குலமாக அடிவானத்திலிருந்து ஏறுகிறது. கோடையில் தென்வானம் முழுக்க நீண்டு கிடக்கிறது. பிறகு தலை முதலில் மேற்கே இறங்குகிறது. செப்டம்பர் சமபகல் வரும்போது சூரியனே கொம்பின்மேல் உட்கார்ந்திருக்கும். டிராகன் மூழ்கிவிட்டது.

மஞ்சள் ஆற்றுச் சமவெளியின் மழையும் இதே கடிகாரத்தில்தான் ஓடுகிறது. வசந்தத்தில் அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு. கோடையில் கண்டம் சூடாகி, தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடல்காற்று உள்ளே வர, ஜூலை, ஆகஸ்டில் கொட்டித் தீர்க்கும். இலையுதிர் காலத்தில் ஓய்ந்துவிடும். பயிர் முளைத்துத் தண்ணீருக்கு ஏங்கும் கோடைத் தொடக்கத்தில், மாலை வானில் டிராகன் எழுந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் புரிகிற நாட்காட்டி அது.

நாட்காட்டி நல்ல விஷயம். நாட்காட்டிதான் மழையைக் கொண்டுவருகிறது என்று நினைக்கத் தொடங்கும்போது சிலையை வெயிலில் வைக்கவேண்டி வருகிறது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜாதகத்தில் கேட்டையைக் கண்டால் பதறுகிறவர்களில் எத்தனை பேருக்கு வானத்தில் கேட்டையைக் காட்டத் தெரியும்? மழை வேண்டி நடக்கும் யாகங்களுக்கு ஆகும் செலவில், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானியும் ஒரு சின்னத் தொலைநோக்கியும் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால், நட்சத்திரப் பின்னணி சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. 2,000 ஆண்டில் ஏறக்குறைய 28 நாள் வித்தியாசம். சீன நாட்காட்டி பருவத்தைப் பிடித்துக்கொண்டது, அதனால் நட்சத்திரம் நழுவிவிட்டது. இரண்டாம் மாதம் இரண்டாம் நாளை ‘டிராகன் தலைதூக்கும் நாள்’ என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அன்று கொம்பு உதிக்கும்போது சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது, அதனால் பருவம் நழுவுகிறது. சித்திரை முதல் நாள் சமபகலை விட்டு விலகி ஏப்ரல் 14க்கு வந்து நிற்பது இதனால்தான். சித்ரா பௌர்ணமி நிலவைத் தேடினால் இதே டிராகனின் கொம்புக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும்.

டிராகன் என்ற கற்பனை பிறந்தது நட்சத்திரத்தைப் பார்த்து இல்லை, யாங்சே ஆற்றுப் பகுதியின் சீன முதலையைப் பார்த்துத்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. அதையும் லேசாகத் தள்ள முடியாது. அந்த முதலை குளிர்காலம் முழுக்க வளைக்குள் கிடந்து, வசந்தத்தில் வெளியே வந்து, இடி போல உறுமும். டிராகனுக்கு உடம்பைக் கொடுத்தது முதலையாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. மழைச் சடங்குக்கு நாள் குறித்தது மட்டும் நட்சத்திரம்தான். முதலை எல்லா ஊரிலும் வெளியே வராது. சித்திரை எல்லா ஊரிலும் உதிக்கும்.