‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

ஐரோப்பிய வீரர்கள் தங்கள் அடையாளமாகக் கேடயத்தில் தீட்டிக்கொண்ட சின்னமே ‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’. இந்தச் சொல்லில் வரும் ‘கோட்’, உண்மையிலேயே உடுத்துகிற கோட்டுதான். இடைக்கால ஐரோப்பாவின் குதிரை வீரர்கள் இரும்புக் கவசத்துக்கு மேலே ஒரு துணி அங்கி அணிந்தார்கள். கேடயத்தில் தீட்டிய உருவத்தை அந்த அங்கியிலும் போட்டுக்கொண்டார்கள். ‘ஆர்ம்ஸ்’ என்றால் ஆயுதங்கள். கேடயமும் போர்க்கருவிதானே, அதனால் அதில் இருந்த உருவத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியிலும் ஆயுதத்துக்கு ‘வாஃபெ’, சின்னத்துக்கு ‘வாப்பென்’. இரண்டுக்கும் வேர் ஒன்று.

இந்த வழக்கம் 12-ஆம் நூற்றாண்டில் வேர்விட்டது. கவசமும் தலைக்கவசமும் மாட்டிய பிறகு எதிரே வருவது யார் என்று எப்படித் தெரியும்? கேடயத்தைப் பார்த்துத்தான். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதால் நிறங்களுக்கும் விதி வந்தது. பொன்னும் வெள்ளியும் ‘உலோகங்கள்’. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை ‘நிறங்கள்’. உலோகத்தின்மேல் உலோகமோ நிறத்தின்மேல் நிறமோ வரக்கூடாது. நீலத்தின்மேல் பொன் சிங்கம் பளிச்சென்று தெரியும். நீலத்தின்மேல் கறுப்புச் சிங்கம் மங்கிப்போகும்.

1151-இல் இறந்த, பிரான்சின் அஞ்சூ பகுதிப் பிரபு ஜெஃப்ரியின் நினைவுத் தகட்டில் நீலக் கேடயமும் பொன் சிங்கங்களும் இருக்கின்றன. 1226-இல் இறந்த அவருடைய பேரன் வில்லியம் லாங்கெஸ்பேயின் கல்லறை இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயத்தில் உள்ளது. அங்கும் அதே சிங்கங்கள். தாத்தாவின் அடையாளம் பேரனுக்கு வந்துவிட்டது. வெறும் ‘சின்னம்’ என்ற சொல் இங்கே போதாது என்பதற்கு இதுவே காரணம்.

சரி, ‘குலச்சின்னம்’ என்று சொல்லிவிடலாமா? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல. ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் மட்டுமே உரியது. 1385-இல் இங்கிலாந்து ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்தபோது ஸ்க்ரோப், க்ரோஸ்வெனர் என்ற இருவர் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள்: நீலத்தில் பொன் நிறச் சாய்பட்டை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கவிஞர் சாசரும் சாட்சி சொன்னார். கடைசியில் 1390-இல் மன்னர் ஸ்க்ரோப் பக்கம் தீர்த்து வைத்தார். போலந்தில் கதையே வேறு. அங்கே பல குடும்பங்கள் ஒரே சின்னத்தைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே ‘குலச்சின்னம்’ சரியாகவே பொருந்தும். பொதுவாகச் சொல்ல ‘மரபுச் சின்னம்’ நல்ல சொல். இந்தத் துறை, அதாவது ‘ஹெரால்ட்ரி’, ‘மரபுச்சின்னவியல்’ ஆகும்.

‘ஹெரால்ட்’ யார் என்றால், போட்டிக்களத்தில் வருகிற வீரரின் சின்னத்தைப் பார்த்துப் பெயரை உரக்க அறிவித்தவர். இதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை: கட்டியக்காரர். லண்டனில் 1484-இல் பட்டயம் பெற்ற அவர்களுடைய நிறுவனம் இன்றும் சின்னங்களை வழங்கிவருகிறது.

நம் மூவேந்தரின் வில், புலி, கயல் ஆகியவற்றுக்குப் ‘பொறி’ என்ற அழகான சொல் உண்டு. அவை அரச மரபுகளின் அடையாளங்கள். தனி வீரருக்கு வழங்கியவை அல்ல. ஆனால் தேவை ஒன்றுதான். போரில் சேரர் பனம்பூவும் பாண்டியர் வேப்பம்பூவும் சோழர் ஆத்திப்பூவும் சூடியதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணம் ‘வேந்திடை தெரிதல் வேண்டி’ என்பது. எந்த வேந்தனின் படை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேடயத்தில் தீட்டிய உருவத்தை மட்டும் குறிக்கும்போது ‘கேடயப்பொறி’ என்று எழுதலாம் என்பது என் விருப்பம்.

அப்புறம், ‘கிரெஸ்ட்’. முழுச் சின்னத்தையும் இப்படி அழைப்பது தவறு. அது தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டுமே. அதன் மூலமான லத்தீன் ‘கிரிஸ்தா’வுக்குச் சேவலின் கொண்டை என்று பொருள். தமிழிலும் சேவலின் கொண்டைக்குச் ‘சூட்டு’ என்று பெயர் உண்டு. கிரெஸ்ட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.