வெள்ளமும் வடியணும், அயிரையும் ஏறணும்

2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது யாரும் மீனைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள், யோசிக்கவும் தேவையில்லை. வாய்க்காலை அகலப்படுத்து, தூர் வாரு, கான்கிரீட் போடு என்றுதான் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் கான்கிரீட் போட்டால் தண்ணீர் ஏன் சீக்கிரம் ஓடுகிறது என்று பார்த்தாலே, அதில் மீன் ஏன் பிழைக்காது என்பதும் புரிந்துவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

ஓடும் தண்ணீரின் வேகம் சரிவையும் ஆழத்தையும் மட்டுமல்ல, தரையின் சொரசொரப்பையும் பொறுத்தது. பொறியாளர்கள் அதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள், சொரசொரப்பு கூடினால் எண்ணும் கூடும்: வழவழப்பான கான்கிரீட்டுக்குச் சுமார் 0.015, கல்லும் கோரையும் கிடக்கும் மண் ஓடைக்குச் சுமார் 0.035. அதாவது அதே சரிவு, அதே ஆழம் என்றால் கான்கிரீட்டில் தண்ணீர் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக ஓடும். ஊர் சீக்கிரம் வடியும், சரி. அந்த வெள்ளம் அடுத்த ஊருக்கும் முன்பைவிடச் சீக்கிரமாக, ஒரே மூச்சில் போய்ச் சேரும், அதை யாரும் பேசுவதில்லை.

இப்போது அயிரைக்கு வருவோம். விரல் நீளம்தான் இருக்கும், ஆறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மீன்கள் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தால் நொடிக்குத் தம் உடல் நீளத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் போகும், அதுவும் சில நொடிகளுக்குத்தான். ஆக, நொடிக்கு 60 சென்டிமீட்டர். வெள்ளம் போகும் கான்கிரீட் வாய்க்காலிலோ தண்ணீர் நொடிக்கு இரண்டு மீட்டரைச் சாதாரணமாகத் தொடும். மண் வாய்க்காலிலும் நடு ஓட்டம் வேகம்தான், ஆனால் கரையோரம் ஒரு கல்லுக்குப் பின்னால், கோரை வேருக்கு அடியில் தண்ணீர் சற்றுத் தேங்கி நிற்கும். மீன் அங்கே ஒண்டி நின்று, அடுத்த கல்லுக்குத் தாவி, அப்படியே மேலே ஏறும். வழவழப்பான சுவரில் ஒண்ட இடமே கிடையாது.

எதற்கு ஏற வேண்டும்? வடகிழக்குப் பருவமழையின் புதுத்தண்ணீர் வந்ததும் நம் மீன்களில் பல எதிர்நீச்சல் போட்டு மேல் கண்மாய்க்கும் வயலுக்கும் போய் முட்டையிடும். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது, மிகைநீர் வழியும் கலுங்குக்குக் கீழே மீன் குவிந்து கிடக்கும், பையன்கள் துண்டை விரித்து அள்ளுவார்கள். கலுங்குக்குக் கீழே மூன்றடிச் செங்குத்துச் சுவர் இருந்தால் அந்த மீன்களின் பயணம் அங்கேயே முடிந்தது.

அயிரை இன்னும் அழிவுப் பட்டியலில் இல்லை. வாளை இருக்கிறது, எளிதில் அழியக்கூடிய இனம் என்ற வரிசையில். முல்லைப்பெரியாறு சுரங்கம் வழியாக நம் வைகைக்குத் தண்ணீர் அனுப்பும் பெரியாறு ஏரியிலும் அதற்கு வரும் ஓடைகளிலும் மட்டுமே வாழும் லெபிடோபைகோப்சிஸ் டைபஸ் என்ற மீனோ அழியும் நிலையிலேயே இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1938 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் பூசினார்கள். கடலிலிருந்து அந்த ஆற்றில் ஏறிவந்த ஸ்டீல்ஹெட் மீன் அங்கே இல்லாமல் போனது. தென் கலிபோர்னியாவில் எஞ்சியிருந்த ஸ்டீல்ஹெட்டை 1997-ல் அழிவு நிலையில் உள்ளதாக அறிவித்தார்கள். இப்போது அதே ஆற்றில் மீன் ஏற வழி செய்ய ஆலோசனை நடக்கிறது, செலவைச் சொல்லவே வேண்டாம்.

வழி இல்லாமல் இல்லை. பெரிய வாய்க்காலின் நடுவில் குறுகலாக, வளைந்து போகிற ஒரு சின்ன ஓடையை வெட்டி, இருபுறமும் படிபோல அகலமான மண் திட்டு விடுவது ஒரு முறை. மழையில்லாத நாளில் தண்ணீர் அந்தச் சின்ன ஓடையில் ஓரளவு ஆழமாக ஓடும். தட்டையான கான்கிரீட் தரை என்றால் அதே தண்ணீர் இரண்டு அங்குலத்துக்குப் பரவி, மதுரை வெயிலில் கொதித்து, ஆக்சிஜனை இழந்துவிடும். வெள்ளம் வந்தால் திட்டின்மேலும் ஏறிப் போகும். சொரசொரப்பால் குறையும் வேகத்தை அகலத்தால் ஈடுகட்டுவதுதான் இதில் சூட்சுமம்.

சிக்கலும் அங்கேதான். கரை வரைக்கும் வீடு கட்டிய செல்லூரில் அகலத்துக்கு எங்கே போவது? அங்கே கான்கிரீட் தவிர வேறு வழி இல்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஊருக்கு வெளியே அந்தச் சாக்கு செல்லாது. மேலே நூறு ஏக்கர் கண்மாய் ஒரு அடி கூடுதலாகத் தண்ணீர் பிடித்தால் சுமார் 12 கோடி லிட்டர், அவ்வளவும் கீழே ஒரேயடியாக வராமல் நிற்கும். கலுங்கின் செங்குத்துச் சுவருக்குக் கீழே கல்லைக் கொட்டி, ஒரு அடி உயரத்துக்கு இருபது அடி நீளம் என்று சரிவு அமைத்தால் சின்ன மீனும் ஏறிவிடும், கலுங்கின் பலமும் குறையாது.

அப்புறம் தூர் வாருவது. ஜேசிபி இறங்கினால் தரையை ஒரே மட்டமாகச் சுரண்டிவிட்டுத்தான் ஏறும். கோடையில் மீன் உயிர் பிடித்து நிற்கும் மடுவும், அயிரை புதைந்து கிடக்கும் மணலும் அதோடு போய்விடும். பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் வேலையை வைத்துக்கொண்டு, ஒரு வருடம் ஒரு பாதி, மறுவருடம் மறுபாதி என்று வாரி, ஆழமான மடுக்களைத் தொடாமல் விட்டு, தண்ணீரை இறைப்பதற்கு முன் வலை போட்டு மீனைப் பக்கத்துக் கண்மாயில் விட்டால் போதும். இதற்குக் கூடுதலாக ஆகும் செலவு பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய நாலு வரிதான்.