வெள்ளை போர்டு காரும் அந்தமான் விடுமுறையும்

“வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்துச்சு சார். கிளெய்ம் போட்டா வந்துடும்ல?”

மே விடுமுறை முடிந்ததிலிருந்து, டூர் போன இடத்தில் வாடகைக் காரை இடித்துவிட்டு இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் மூன்று பேர். முதல் இருவரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். மூன்றாவதாக வந்த தண்டையார்பேட்டைக்காரரிடம் குரல் உயர்ந்துவிட்டது. மனைவியும் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். வீடு பெரம்பூரில், வேலை பெரும்பாலும் மாதவரம், மணலி, எண்ணூர் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில். கன்டெய்னர் லாரி உரசிய கார்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அடிபட்ட வண்டியைப் பார்த்து, செலவு எவ்வளவு நியாயம், அதில் பாலிசி எவ்வளவு தரும் என்று எழுதிக் கொடுக்கிறவன். டூர் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். டூர் முடிந்த பிறகு என்னிடம்தானே வருகிறீர்கள்?

தண்டையார்பேட்டைக் குடும்பத்தில் ஆறு பேர். போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், நம் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) மூன்று நாளைக்கு ஒரு ஏழு சீட்டர் காரை டிரைவர் இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். டாக்ஸியைவிட நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று கணக்கு. இரண்டாம் நாள் சிடியா டாப்புவில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரம், ஆனால் கடிகாரம் ஒன்றுதான். மே மாதத்திலேயே ஐந்தரை வாக்கில் சூரியன் இறங்கிவிடும், டிசம்பரில் ஐந்து மணிக்கே. இது தெரியாமல் போனவர்கள் திரும்பும்போது இருட்டு, மழை, வளைவான சாலை, தெருவிளக்கு கிடையாது. எதிரே வந்த ஜீப்புக்கு ஒதுங்கப் போய், முன் சக்கரம் ஓரத்து வடிகாலில் இறங்கிவிட்டது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. பம்பர், ஒரு ஹெட்லைட், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் போயிற்று.

கார்க்காரர் கேட்டது ரிப்பேர் செலவு மட்டும் இல்லை, கூடவே 11 நாள் வாடகை. ஹெட்லைட் அங்கே கடையில் இல்லை, கப்பலில் வர வேண்டும், அதுவரை வண்டி ஓடாது, அந்த நஷ்டத்தை யார் தருவது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

சரி, அந்த ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், மன்னிக்கவும்.

அவர்கள் எடுத்தது வெள்ளை போர்டு வண்டி. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. மஞ்சளில் கறுப்பு எழுத்து, டிரைவரோடு வரும் டாக்ஸி. நீங்களே ஓட்ட முறையாக வாடகைக்கு விடும் காருக்குக் கறுப்பில் மஞ்சள் எழுத்து. இதற்கென்று 1989இல் மத்திய அரசு கொண்டுவந்த தனித் திட்டமே இருக்கிறது. அதன்படி லைசென்ஸ் வாங்க 50 வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். சின்ன ஊரில் இரண்டு மூன்று கார் வைத்திருப்பவருக்கு அது எட்டாக்கனி. அதனால் சொந்த வண்டி என்று பதிவு செய்து, சத்தமில்லாமல் வாடகைக்கு விடுகிறார்கள். நம் ஊரிலும் இது நடக்கிறது, தீவில் மட்டும் இல்லை.

சொந்த உபயோக வண்டியின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ‘உபயோக வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடுவதைத் தவிர மற்ற உபயோகத்துக்கு, என்று அதில் எழுதியிருக்கும். அதாவது நீங்கள் வாடகையைக் கொடுத்துச் சாவியை வாங்கிய நொடியிலேயே அந்தப் பாலிசியின் நிபந்தனை உடைந்துவிட்டது. தாள் இருக்கிறது, தேதி இருக்கிறது, பிரீமியம் கட்டியாகிவிட்டது, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பயணத்துக்கு அது இல்லை. ஐந்து லட்சத்துக்கு எடுத்தாலும் ஐம்பது லட்சத்துக்கு எடுத்தாலும் இதே கதைதான்.

“போலீஸ் கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லுங்க” என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டவுடனே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாமா? சர்வேயரிடமும் அதையே சொல்லலாம் என்று யோசனை வேறு. வண்டி ஏ.என். என்று தொடங்கும் அந்தமான் பதிவு, ஓட்டியவர் முந்தின நாள் சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர். “எப்படிப் பழக்கம்?” என்று நான் ஒரு கேள்வி கேட்டால் போதும், மிச்சத்தை ஜிபே ஸ்க்ரீன்ஷாட் சொல்லிவிடும்.

சரி, கறுப்பு போர்டு வண்டி, முறையான பாலிசி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முழுசாக வராது. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் தேய்மானம் 50 சதவீதம். பம்பர் பிளாஸ்டிக்தான். பத்தாயிரம் ரூபாய் பம்பருக்குத் தேய்மானம் போக ஐந்தாயிரம். உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. தேய்மானம் கழிக்காத பாலிசிக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். வண்டி நிற்கும் நாட்களின் வாடகை எந்தச் சாதாரண மோட்டார் பாலிசியிலும் வராது. கடற்கரை மணலில் இறக்கி, அலை வந்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், அதற்கும் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் ஆட்-ஆன் வேண்டும். கடல் ஓரமாக ஓட்டி ரீல்ஸ் எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொன்னபோதுதான் அவர் மனைவியின் முகம் மாறியது. கார் பாலிசியோடு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஒன்று வரும். அது வண்டியின் உரிமையாளருக்கு மட்டும். வாடகைக்கு எடுத்து ஓட்டும் உங்களுக்கு அது கிடையாது. வேறு யார் மீதாவது மோதியிருந்தால்? இன்ஷூரன்ஸ் கம்பெனி நிபந்தனை மீறல் என்று கோர்ட்டில் நிற்கும். நஷ்டஈட்டுக்கு உரிமையாளரையும் ஓட்டியவரையும் துரத்துவார்கள். அங்கே பம்பர் கணக்கெல்லாம் சில்லறை.

அப்படியானால் தீவில் கார் எடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். எந்தத் தீவு என்பதைப் பொறுத்தது.

அந்தமானுக்கு வேண்டாம். போர்ட் பிளேரில் எடுத்த காரை ஹேவ்லாக் தீவுக்கோ நீல் தீவுக்கோ கொண்டுபோக முடியாது, சுற்றுலாப் பயணிகள் போகும் படகு ஆட்களை ஏற்றத்தான். ஆக, நீங்கள் ஹேவ்லாக்கில் தூங்கும் இரண்டு இரவும் போர்ட் பிளேரில் நிற்கும் காருக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஹேவ்லாக்கில் படகுத் துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை 12 கிலோமீட்டர் அளவுதான், அதற்கு டாக்ஸியோ ஆட்டோவோ போதும். பாராடாங் தீவுக்குப் போவதென்றால் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியற்காலையில் வரிசையில் நின்று, குறித்த நேரத்தில் வரிசையாக அனுப்பும் வண்டிகளின் கான்வாயோடு, ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டைக் கடக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுத்தால் ஜெயில். அந்தச் சாலையில் ஸ்டீயரிங்கை அன்றாடம் போய் வரும் டிரைவர் பிடிக்கட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து தூங்குங்கள். அங்கே தமிழ் பேசும் டிரைவர்கள் நிறைய. பாதி பேருக்குச் சென்னைத் துறைமுகக் கப்பல் கதை ஒன்று இருக்கும், ராயபுரத்தில் ஒரு சித்தப்பாவும் இருப்பார்.

இலங்கைக்கும் வேனும் டிரைவரும்தான் என் ஓட்டு. நுவரெலியா மலைப்பாதையில் உங்களுக்கு என்ன நிரூபிக்க வேண்டியிருக்கிறது? அதோடு, அங்கே நம் சர்வதேச உரிமம் மட்டும் போதாது. அந்நாட்டு ஆட்டோமொபைல் அசோசியேஷனின் அங்கீகாரமோ, மோட்டார் போக்குவரத்துத் துறையின் தற்காலிக உரிமமோ வாங்க வேண்டும். பாலியிலும் டிரைவரோடுதான் நல்லது, அந்த ஸ்கூட்டர் கூட்டத்தில் நம் வியாசர்பாடி அனுபவம்கூட எடுபடாது. மாலத்தீவு ரிசார்ட்டில் கார் கிடைக்குமா என்று கேட்ட கொளத்தூர் அண்ணனுக்கு: அந்தத் தீவை நடந்தே ஒரு சுற்று சுற்றிவிடலாம் அண்ணே.

லங்காவிக்கும் மொரீஷியஸுக்கும் எடுக்கலாம். இடங்கள் தள்ளித் தள்ளி இருக்கும், நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுவார்கள், வாடகைக்கு விடுவது அங்கே முறையான தொழில். குழந்தையும் முட்டி வலிக்கும் பாட்டியும் கூட வந்தால் சொந்தக் கையில் ஒரு கார் இருப்பது பெரிய ஆறுதல், அதை நான் மறுக்கவில்லை. சர்வதேச உரிமத்தை ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் வாங்கிவிடுங்கள், 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். கவுன்டரில் “எக்ஸஸ் எவ்வளவு?” என்று கேளுங்கள். வண்டி அடிபட்டால் முதலில் உங்கள் பையிலிருந்து போகும் தொகை அது. கிரெடிட் கார்டில் அவர்கள் பிடித்துவைக்கும் பணம் அதற்காகத்தான். டயர், கண்ணாடி, அடிப்பகுதி மூன்றும் கவரில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். நம் டிராவல் பாலிசிகளில், வண்டி ஓட்டுவதால் வரும் நஷ்டஈட்டுப் பொறுப்பைப் பொதுவாக விலக்கிவைத்திருப்பார்கள்.

நம் நாட்டில் எங்கே எடுத்தாலும் சரி, வண்டி எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டுப் பாருங்கள். சொந்த வண்டியா வாடகை வண்டியா, இன்ஷூரன்ஸ் தேதி முடிந்துவிட்டதா எல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெளிநாட்டில் அந்த வசதி இல்லை, ஒப்பந்தத்தைப் படிக்கத்தான் வேண்டும். சாவியை வாங்கும் முன் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள், குனிந்து அடிப்பகுதியையும், கிலோமீட்டர் மீட்டரையும் பெட்ரோல் முள்ளையும். “மச்சான், கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேனே” என்று யார் கேட்டாலும் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவருக்குக் கொடுக்காதீர்கள், அவர் நிஜமாகவே உங்கள் மச்சானாக இருந்தாலும். பீர் குடித்துவிட்டு எடுக்காதீர்கள். இதையெல்லாம் ஒரு சர்வேயர் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

அப்புறம், தயவுசெய்து ஒரிஜினல் லைசென்ஸை டெபாசிட்டாகக் கொடுக்காதீர்கள். தண்டையார்பேட்டைக்காரர் கொடுத்திருந்தார். பேரம் பேசி, பாதிப் பணம் அனுப்பி, அது கூரியரில் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. டிஜிலாக்கரில் இருப்பதும் செல்லும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதுவரை வீட்டு வாசலில் சொந்தக் கார் நிற்க, மனிதர் பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.