எபாக்சி தளத்தில் சிறு சேதம்: நிரப்புவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

எபாக்சி தளத்தில், அதாவது கான்கிரீட்டின் மேல் எபாக்சி என்ற ரெசினைப் (செயற்கைப் பிசின்) பூசிய தரையில், உள்ளங்கையளவு பூச்சு பெயர்ந்துவிட்டால், குழியை நிரப்பி அதே நிறத்தைப் பூசிவிட்டால் போதும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அந்தக் குழியைச் சுற்றி, கான்கிரீட்டோடு பிடிப்பு விட்டுப்போயும் இன்னும் உடையாமல் நிற்கும் பூச்சு பெரும்பாலும் இருக்கும். சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தால், ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான ஓசையும், பிடிப்பு விட்ட இடத்தில் அடியில் பொந்து இருப்பது போன்ற ஓசையும் கேட்கும். ஓசை மாறும் எல்லையைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பழுதின் உண்மையான அளவு அதுதான்.

பெயர்ந்த சில்லைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. கான்கிரீட் துண்டுகள் தடிமனாக ஒட்டியிருந்தால், பூச்சின் பிடிப்பில் குறையில்லை. அடித்தளம் வலுவற்றதாக இருந்திருக்கலாம், அல்லது பலத்த அடி பட்டிருக்கலாம். மெல்லிய வெண்தூள் மட்டும் படிந்திருந்தால், கான்கிரீட்டின் மேலிருந்த பலவீனமான சிமெண்ட் படலத்தைச் சுரண்டி எடுக்காமலே பூசியிருக்கிறார்கள் என்று பொருள். வழவழவென்று சுத்தமாக இருந்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம், சரியாகத் தேய்க்காத மேற்பரப்பு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். காரணம் ஈரம் என்றால், எவ்வளவு நேர்த்தியாக ஒட்டுப் போட்டாலும் அதே இடம் மறுபடி கொப்பளிக்கும்.

குறித்த எல்லைக்குச் சற்று வெளியே, நன்றாக ஒட்டியிருக்கும் பூச்சின் மீதே, டைமண்ட் பிளேடால் நேர்க்கோட்டில் சதுரமாக வெட்டுங்கள். விளிம்பில் காகிதம் போல மெலிந்து முடியும் ஒட்டு, வண்டிச் சக்கரம் ஏறியதும் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கிவிடும். வெட்டிய பிறகு கான்கிரீட்டைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, தூசியை வேக்கும் கிளீனரால் உறிஞ்சி எடுக்க வேண்டும்; துடைப்பத்தால் பெருக்கினால் நுண்தூசி அங்கேயே தங்கிவிடும். சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் சுவாசக் கவசம் அவசியம். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் நைட்ரைல் கையுறையும் வேண்டும்.

ரெசினையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் கண்ணளவில் கலப்பதே நான் அதிகம் பார்க்கும் தவறு. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது எபாக்சிக்குப் பொருந்தாது. விகிதம் தவறினால் பிசுபிசுப்பாகவோ எளிதில் நொறுங்குவதாகவோ நின்றுவிடும். தராசில் எடைபோட்டு, வாளியின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். கலவையை வாளியிலேயே தேக்கி வைத்தால் தன் வெப்பத்தாலேயே விரைவாக இறுகிவிடும். முதலில் பிரைமர் (பிடிப்புக்கான அடிப்பூச்சு), அதன்மேல் சிலிக்கா மணல் கலந்த ரெசின் காரை என்று நிரப்பி, கரணையால் அழுத்திப் பழைய தளத்தோடு மட்டப்படுத்த வேண்டும். தளத்தின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும்போதே பூச வேண்டும். இல்லையெனில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் பிடிப்பைக் கெடுத்துவிடும்.

பழைய பூச்சு வெளிச்சத்தில் மஞ்சளித்திருக்கும் என்பதால், நிற எண் ஒன்றாகவே இருந்தாலும் ஒட்டு தனித்துத் தெரியும். அது உறுத்தினால், பழுதைச் சுற்றியுள்ள கட்டம் முழுவதையும் மங்கலாகத் தேய்த்து, ஒரு இணைப்புக் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை மேல்பூச்சு கொடுக்கலாம். பொதுவாக மறுநாள் அதன்மேல் நடக்க முடியும். ரசாயனம் சிந்தும் இடமாக இருந்தால் சுமார் 7 நாள் விட்டுவைப்பதே பாதுகாப்பானது.